புகைபோக்கி அடுப்பா, ராக்கெட் அடுப்பா, அப்பத்தாவின் கொடி அடுப்பா?

சிலிண்டர் வந்து இருபது வருஷம் ஆகியும் எங்கள் வீட்டுக் கொல்லையில் விறகு அடுப்பு ஓயவில்லை. காபி, தாளிப்பு, அவசரத்துக்குச் சட்னி எல்லாம் கேஸில். குளிக்க வெந்நீர், ஞாயிற்றுக்கிழமைக் கறி, கேழ்வரகுக் களி, உறவுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தாற்போல் வந்துவிட்டால் சோறு, இதெல்லாம் விறகில். ஆலங்குடிப் பக்கம் தென்னை வைத்திருக்கும் வீடுகள் பலவற்றிலும் இதே கதைதான். மட்டையும் பாளையும் தானாக விழுந்து கிடக்கும்போது சிலிண்டரை எதற்குத் தீர்ப்பானேன்?

சரி, விறகு எரிப்பதென்று ஆகிவிட்டது. எந்த அடுப்பில் எரிப்பது? அப்பத்தா கையால் போட்ட மண் கொடி அடுப்பு, பழைய சமையலறைக்குள் இருந்த புகைபோக்கி அடுப்பு, நான் ஆசைப்பட்டு வாங்கிய விசிறி அடுப்பு, கடைசியாக வந்த ராக்கெட் அடுப்பு என்று நாலும் எங்கள் வீட்டில் புழங்கியிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சண்டை நடந்திருக்கிறது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 5 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 1.5 மெகாஜூல் வெப்பம் பானைக்குள் போக வேண்டும். நன்றாகக் காய்ந்த விறகில் கிலோவுக்குச் சுமார் 15 மெகாஜூல் இருக்கிறது. அப்படியானால் 100 கிராம் சுள்ளியே போதுமே? போதும், எல்லாச் சூடும் பானைக்கே போனால். மூன்று கல்லை வைத்து எரித்தால் சுமார் பத்தில் ஒரு பங்குதான் பானைக்குப் போகும். மிச்சமெல்லாம் கல்லுக்கும் காற்றுக்கும் சமைக்கிறவர் முகத்துக்கும் போகிறது. ஆக, ஒரு கிலோ விறகு. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2013இல் திருத்திய விறகு அடுப்புத் தரம் (ஐ.எஸ். 13152), விசிறி இல்லாத அடுப்புக்குக் குறைந்தது 25 சதவீதமும் விசிறி வைத்ததற்கு 35 சதவீதமும் வெப்பத்திறன் கேட்கிறது. அதே தண்ணீருக்கு முன்னதில் 400 கிராம், பின்னதில் 280 கிராம் என்று வரும். இது ஆய்வுக்கூடத்துக் கணக்கு. நம் வீட்டில் விறகைச் செருகிவிட்டுத் துணி காயப்போடப் போய்விடுவோம் என்பதை எந்த ஆய்வுக்கூடமும் கணக்கில் எடுப்பதில்லை.

இன்னொரு விஷயம், புகை. விறகு சூடேறும்போது முதலில் அதிலிருந்து ஆவிகள் வெளியேறுகின்றன. நாம் பார்க்கும் மஞ்சள் தீ, அந்த ஆவிகள் எரிவதுதான். போதிய சூடும் காற்றும் கிடைக்காவிட்டால் அவை எரியாமலே கிளம்பிவிடும். அதற்குத்தான் புகை என்று பெயர். கண்ணைக் கரிக்கும் ஒவ்வொரு இழையும், காசு கொடுத்தோ வெயிலில் பொறுக்கியோ கொண்டுவந்த விறகின் ஒரு பகுதி. புகையைக் குறைப்பதும் விறகை மிச்சம் பிடிப்பதும் பெரும்பாலும் ஒரே வேலை. புகைபோக்கி அடுப்பு மட்டும் இதில் கொஞ்சம் ஏமாற்றும். அதற்குப் பிறகு வருகிறேன்.

கொடி அடுப்பு

இதை இளக்காரமாகப் பேசுகிறவர்கள் அதில் சமைத்திருக்க மாட்டார்கள். முன் அடுப்பில் சோறு பொங்கும்போது, உள்வழியாகப் போகும் சூட்டில் பின்னால் கொடியில் பருப்பு வெந்துகொண்டிருக்கும். தனி விறகு கிடையாது. சமையல் முடிந்த பிறகும் கங்கு ஒரு மணி நேரம் கனன்றுகொண்டிருக்கும். பால் சுண்டவும் கறிக்குழம்பு அடங்கவும் அதற்கு ஈடு இல்லை. களி கிண்டத் துடுப்பைப் போட்டு இரண்டு கையாலும் அழுத்தினால் அடுப்பு அசையாது. இலங்கையில் 1980களில் உருவான அனகி அடுப்பும் ஏறக்குறைய இதே யோசனைதான். இரண்டு பாத்திரம் ஏற்றலாம், புகைபோக்கி கிடையாது. சுட்ட மண்ணில் குயவர்கள் செய்து தருவதை வீட்டில் மண் பூசி நிறுத்திக்கொள்கிறார்கள். அங்கே அது நன்றாகவே நிலைத்துவிட்டது.

குறை என்னவென்றால், விறகு தரையோடு தரையாகக் கிடப்பதால் அடியிலிருந்து காற்று வராது. அதனால் ஊதாங்குழல். ஊதுகிறவர் அடுத்த மூச்சை இழுப்பதும் அதே புகைக்குள்தான். நாங்கள் செய்த ஒரே திருத்தம், அடுப்பு வாய்க்குள் நாலு இரும்புக் கம்பியைப் பதித்து விறகை அதன்மேல் வைத்தது. சாம்பல் கீழே உதிர்கிறது, காற்று அடியிலிருந்து ஏறுகிறது, ஊதாங்குழலுக்கு வேலை பாதியாகக் குறைந்துவிட்டது. அப்புறம், பானையைத் தாங்கும் குமிழின் உயரம். ரொம்ப உயர்ந்தால் தீ பானையைத் தொடாமல் பக்கவாட்டில் ஓடும். ரொம்பத் தாழ்ந்தால் மூச்சு முட்டிப் புகையும். சுண்டுவிரல் கனம் எங்கள் பானைகளுக்குச் சரியாக இருக்கிறது.

புகைபோக்கி அடுப்பு

இதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1950களில் ஹைதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தில் எஸ்.பி. ராஜு புகையில்லா அடுப்பை வடிவமைத்தார். 1980களில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலிருந்து அஸ்திரா ஒலே என்ற புகைபோக்கி அடுப்பு வந்தது. அதே காலத்தில் மத்திய அரசு தொடங்கிய மேம்படுத்தப்பட்ட அடுப்புத் திட்டத்தில் 2002 வரை மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் நாடு முழுக்கப் போடப்பட்டன. அவற்றில் இன்று எத்தனை எரிகின்றன என்று உங்கள் ஊரிலேயே தேடிப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். புதிதில் சமையலறை பளிச்சென்று இருந்தது. பிறகு எங்கள் தவலை அடுப்பு வாயில் உட்காரவில்லை என்று அம்மா வாயைக் கொஞ்சம் இடித்து அகலமாக்கினார். அந்த இடைவெளியில் புகை உள்ளே வர ஆரம்பித்தது. மழைக்காலத்தில் குழாயின் மேல்மூடி காற்றில் பறந்தது. குழாய்க்குள் படிந்த கரியைத் தட்டி எடுக்க யாரும் ஓட்டின் மேல் ஏறவில்லை. ஒரு நாள் புகை வந்த வழியே திரும்பியது. அத்தோடு அதன் கதை முடிந்தது.

இது எங்கள் வீட்டுச் சோம்பேறித்தனம் மட்டுமில்லை. எஸ்தர் டஃப்லோவும் இன்னும் இரண்டு பொருளாதார அறிஞர்களும் ஒடிசாவில் புகைபோக்கி அடுப்பு கிடைத்த வீடுகளை நான்கு ஆண்டுகள்வரை தொடர்ந்து கவனித்தார்கள். முதல் ஆண்டில் உள்ளிழுக்கும் புகை குறைந்தது. அப்புறம் அந்த வித்தியாசம் காணாமல் போனது. ஒழுங்காகப் பயன்படுத்தவும் இல்லை, பராமரிக்கவும் இல்லை.

ஏமாற்றும் என்றேனே, அது இதுதான்: புகைபோக்கி புகையை எரிப்பதில்லை, வெளியே தள்ளுகிறது. உங்கள் கண்ணுக்கு நல்லது. பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு அப்படிச் சொல்ல முடியாது. குழாயின் இழுப்பு அதிகமானால் சூட்டையும் சேர்த்து வெளியே கொண்டுபோய்விடும், விறகு கூடுதலாகத்தான் செலவாகும். கூரை வேய்ந்த வீட்டில் பொறி பறக்கும் பயமும் உண்டு. ஆனாலும் வீட்டுக்குள், அடைத்த சமையலறையில்தான் விறகு எரித்தாக வேண்டும் என்றால் வேறு வழி இல்லை, புகைபோக்கி வேண்டும். மாதம் ஒருமுறை குழாயைத் தட்டுவதாக இருந்தால் மட்டும் போடுங்கள்.

விசிறி அடுப்பு

சுத்தம் என்று பார்த்தால் நாலில் இதுதான் முதல். மேலே சொன்ன தரமே இதைக் காட்டிவிடும். பானைக்குள் போகும் ஒவ்வொரு மெகாஜூல் வெப்பத்துக்கும் விசிறி இல்லாத அடுப்பு 350 மில்லிகிராம்வரை துகள்களை வெளிவிடலாம். விசிறி அடுப்புக்கு 150தான் உச்சவரம்பு. சின்ன மின்விசிறி பக்கத்துத் துளைகள் வழியே காற்றைத் தள்ள, கிளம்பும் ஆவியெல்லாம் அங்கேயே எரிந்துவிடும். நீலமும் மஞ்சளுமாகக் கேஸ் போலவே எரியும். முதல் வாரம் தெருவே வந்து பார்த்தது.

இரண்டாவது வாரம் விறகு வெட்டும் வேலை ஆரம்பித்தது. இந்த அடுப்புக்குக் கட்டைவிரல் நீளத்துக்குத் துண்டு வேண்டும். சீமைக்கருவேலத்தை அந்த அளவுக்கு வெட்ட உட்கார்ந்தால் சமையலைவிட வெட்டு அதிக நேரம் பிடிக்கும். நடுவில் விறகு தீர்ந்து மேலே கொட்டினால் குப்பென்று புகையும். சோறு வடிப்பதற்குள் இரண்டு முறை கொட்ட வேண்டியிருந்தது. பிறகு ஒரு நாள் விசிறி நின்றது. விற்றவர்களிடம் கேட்டால் மாற்று விசிறி வரும், வரும் என்றார்கள்; வரவில்லை. விசிறி இல்லாத விசிறி அடுப்பு, புகையும் ஒரு தகர டப்பா.

அப்பத்தா திண்ணையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் கேட்டாள்: "ஏண்டி ஆத்தா, அடுப்ப மாத்தி மாத்தி வாங்குறியே, வெறகு காஞ்சிருக்கான்னு ஒரு நாளாச்சும் தட்டிப் பாத்தியா?"

"வெயில்லதானே அப்பத்தா கெடக்கு?"

"வெயில்ல கெடக்கு, மண்ணுலயும்ல கெடக்கு."

அவள் இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டினாள். "தொப்" என்றது. பரணிலிருந்து உருவிய இரண்டைத் தட்டினாள். "டங்" என்றது. எல்லா அடுப்பையும்விட அந்தச் சத்தத்தில்தான் எனக்கு அதிகம் பிடிபட்டது.

எந்த அடுப்பானாலும் விறகு

அன்றைக்கு வெட்டிய பச்சை மரத்தில் பாதி எடை தண்ணீராகவே இருக்கலாம். அந்தத் தண்ணீரை ஆவியாக்கிய பிறகுதான் பானைக்குச் சூடு. கிலோவுக்குக் கிலோ பார்த்தால் காய்ந்த விறகில் பாதிச் சூடுதான் கிடைக்கும். அதைவிட மோசம், தீயின் சூடு இறங்கிவிடுவதால் ஆவிகள் எரியாமல் புகையாக ஓடுவது. கட்டையின் நுனியில் நுரை கட்டி "உஸ்" என்று சத்தம் வந்தால் நீங்கள் தண்ணீரைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறீர்கள், பானையில் இருப்பதை அல்ல.

பிளந்துதான் காயவைக்க வேண்டும்; உருட்டுக் கட்டை பட்டைக்குள் ஈரத்தை வைத்துக்கொண்டே இருக்கும். அடியில் இரண்டு கல்லோ பனஞ்சட்டமோ கொடுத்து மண்ணில் படாமல் அடுக்கி, மேலே மட்டும் தகரம், பக்கங்கள் திறந்தபடி. நாலு பக்கமும் தார்ப்பாயால் மூடினால் பூஞ்சைதான் வரும். சந்தேகம் இருந்தால் ஒரு கட்டையை நிறுத்துக் குறித்து வையுங்கள். வாரம் கழித்து நிறுத்தால் எடை குறையாமல் நிற்கும்போது அது தயார்.

சவுக்கு நேராக, சீராக எரியும். சீமைக்கருவேலத்தின் கங்கு நின்று எரியும், கறிக்கு அதுதான். தென்னமட்டை படபடவென்று எரிந்து சாம்பலைக் குவிக்கும். தோசைக்கும் வெந்நீருக்கும் சரி. கொட்டாங்குச்சியின் சூடு மூர்க்கமானது, பற்றும்போது மட்டும் கரும்புகை விடும். முருங்கையை அடுப்புக்குக் கொண்டுவரவே வேண்டாம். பற்றவைக்கப் பன்னாடை இருக்கும்போது பால் பாக்கெட்டைக் கொளுத்துகிற பழக்கம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் பார்க்கிறேன். பிளாஸ்டிக், பெயின்ட் அடித்த ஜன்னல் சட்டம், பிளைவுட் எதுவும் சமைக்கிற அடுப்புக்கு ஆகாது.

ராக்கெட் அடுப்பு

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் அப்ரோவெச்சோ மையத்தில் லாரி வினியார்ஸ்கி உருவாக்கிய வடிவம் இது. நிமிர்த்தி வைத்த முழங்கை போன்ற குழாய். கீழ் வாயில் சுள்ளியின் நுனி மட்டும் எரியும், மேல்நோக்கிய குழாய் சூடேறித் தானே காற்றை இழுக்கும். குழாயைச் சுற்றிச் சூடு தங்கும்படி இலேசான பொருள் வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: கனமாகச் சிமென்டும் களிமண்ணும் கொட்டிவிட்டால், முதல் அரைமணி நேரச் சூட்டை அந்தச் சுவரே குடித்துவிடும். எங்களுடையதில் சாம்பலை நிரப்பியிருக்கிறோம். காசில்லாத சரக்கு, நன்றாகச் சூடு காக்கிறது.

வெந்நீருக்கும் சோற்றுக்கும் இதை மிஞ்ச எங்கள் வீட்டில் ஆள் இல்லை. கட்டைவிரல் கனத்தில் சுள்ளி நாலைந்து போதும். கீழ் வாயில் ஒரு தட்டு உண்டு: அதன்மேல் விறகு, அதன்கீழ் காற்று. கீழ் வழியை அடைத்து விறகைத் திணித்தால் மட்டும் புகையும். ஆனால் இதில் கங்கு கிடையாது. நுனியை வெளியே இழுத்தால் தீ அடங்கிவிடும், எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும் என்று சொன்னவர் இதைப் பார்த்துத்தான் சொன்னாரோ என்று தோன்றும். களி கிண்டினால் அடுப்பே கூட வரும். மெல்லிய தகரத்தில் செய்தது சீக்கிரம் ஓட்டை விழுந்துவிடும்; வாங்கினால் உள்குழாயின் கனத்தைத் தட்டிப் பார்த்து வாங்குங்கள்.

இடத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் தமிழகத்து நான்கு மாவட்டங்களின் கிராம வீடுகளில் புகைத்துகளை அளந்து 2002இல் வெளியிட்டார்கள். சமையலறை எங்கே, எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்துப் புகையின் அளவு மாறியது. சமைக்காமல் வீட்டில் இருப்பவர்களும் தப்பவில்லை. நல்ல அடுப்பை அடைத்த அறையில் வைப்பதைவிடச் சாதாரண அடுப்பைக் கொல்லைத் தாழ்வாரத்துக்கு நகர்த்துவது மலிவு. மலை ஊர்களில் குளிருக்காகக் கங்கைச் சட்டியில் அள்ளிப் படுக்கையறைக்குக் கொண்டுபோகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். கங்கு விடும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது, இருமல்கூட வராது.

எங்கள் ஏற்பாடு இப்போது இப்படி: தாழ்வாரத்தின் ஒரு மூலையில் ராக்கெட், காலை வெந்நீருக்கும் சோற்றுக்கும். அதன் பக்கத்தில் கம்பி பதித்த கொடி அடுப்பு, களிக்கும் கறிக்கும். அடுப்பில் ஏற்றுவதற்கு முன் பாத்திரத்தின் அடியில் ஈர மண்ணைப் பூசிவிடுகிறோம், கரி தண்ணீரோடு போய்விடும். பழைய சமையலறைக்குள் இனி விறகு இல்லை, குழாய் இருந்த ஓட்டையை ஓடு வைத்து மூடியாயிற்று. விசிறி அடுப்பை வீசவில்லை. அப்பத்தா அதில் சலித்த சாம்பலை நிரப்பிக் கிணற்றடியில் வைத்திருக்கிறாள், பாத்திரம் துலக்க.