நான்கு கோடி, ஐம்பதாயிரமாகத் தெரிந்த கணக்கு: ஜாவா, கோ, ரஸ்ட்

வணிகர்களுக்குச் சேர வேண்டிய பணத்தைக் கணக்கிட்டுப் பிரித்துத் தரும் நிரல் ஒன்றைப் பெங்களூரில் நானும் இன்னும் மூவரும் பராமரிக்கிறோம். ஜாவா என்ற நிரல்மொழியில் இருந்த அதன் மையப் பகுதியைச் சென்ற ஆண்டு புதிதாக எழுத வேண்டியிருந்தது. கோ மொழியா, ரஸ்ட்டா என்று பல வாரம் பேசி, ரஸ்ட்டைத் தேர்ந்தெடுத்தோம். வேகம் அதற்குக் காரணமில்லை. ஒரு கூட்டல் பிசகும்போது நிரல் வாய் திறக்கிறதா என்பது மட்டுமே காரணம்.

தீபாவளிக்கு அடுத்த மாதம், கணக்குப் பிரிவில் இருக்கும் ஆம்பூர்க்கார அக்கா அறிக்கைத் தாளோடு என் மேசைக்கு வந்தார். "தம்பி, சிக்பேட்டையில் இருக்கும் இந்தத் துணிக்கடைக்கு மாத வரவு ஐம்பதாயிரம்தானா? ஒரே நாளில் பத்து லட்சத்துக்குக் குறையாதே" என்றார்.

தொகைகளைப் பைசாக் கணக்கில் முழு எண்ணாக வைத்திருந்தோம். பணத்துக்கு அதுவே சரியான முறை. ஆனால் 32 பிட்டில், அதாவது 32 இரும இலக்கங்களில், கணினி வைக்கும் முழு எண்ணின் உச்சம் 2,14,74,83,647. ரூபாயில் அது 2 கோடியே 14 லட்சத்து 74 ஆயிரத்து 836, அதோடு 47 பைசா. அதற்கு மேல் ஒரு பைசா கூடினாலும் எண் மைனஸ் பக்கத்தின் கடைக்கோடிக்குப் போய்விடும். இதைத்தான் எண் வழிதல் என்கிறோம். மாத வரவு 2 கோடியே 20 லட்சமாக இருந்திருந்தால் மைனஸ் 2 கோடியே 9 லட்சம் என்று அச்சாகியிருக்கும். யார் கண்ணிலும் பட்டிருக்கும். 4 கோடியே 30 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 430 கோடி பைசாவில் ஒரு முழுச் சுற்றான 4,29,49,67,296 கழிந்துபோக, மிஞ்சுவது 50,327 ரூபாய் 4 பைசா. நம்பக்கூடிய தொகை. எங்கள் தாளில் இருந்தது ஏறக்குறைய இதுதான்.

மொட்டைமாடித் தொட்டி நிரம்பினால் தண்ணீர் கொட்டும் சத்தமாவது கேட்கும். இங்கே எந்தச் சத்தமும் இல்லை. பதிவேட்டில் ஒரு வரி எச்சரிக்கைகூட இல்லை. அந்தத் தொகை தரவுத்தளத்தில் ஏறி, அறிக்கையில் ஏறி, கடைக்காரருக்கு மின்னஞ்சலாகவும் போயிருந்தது. பிழை நடந்த இடத்தைத் தேட இரண்டு நாள். அது தொட்ட இடங்களையெல்லாம் திருத்த மூன்று வாரம். பராமரிப்புச் செலவு என்று நான் சொல்வது இந்த மூன்று வாரத்தைத்தான். மொழியை ஒப்பிடுகிறவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

இத்தனைக்கும் விடையை வாங்கி வைத்துக்கொண்ட இடம், அதாவது மாறி, 64 பிட். அதில் பைசாவாகவே 92,000 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் அடங்கும். கூட்டல் நடந்ததோ 'மேப்டுஇன்ட்' என்ற ஜாவா கட்டளை வழியாக. அதன் 'சம்' திருப்பித் தருவது 32 பிட் எண். உள்ளே வழிந்து முடிந்த எண்ணைத்தான் பெரிய பாத்திரத்தில் ஊற்றினோம். 'எல்லாவற்றையும் 64 பிட் ஆக்கினால் போதும்' என்பவர்களுக்கு என் பதில் இதுதான்: விடை வாங்கும் மாறியை ஆக்கியிருந்தோம், போதவில்லை.

ஜாவாவிலேயே இருந்திருக்கலாமா? 2014-ல் வந்த ஜாவா 8 முதல் கூட்ட 'ஆட்எக்ஸாக்ட்', பெருக்க 'மல்டிப்ளைஎக்ஸாக்ட்' என்ற கட்டளைகள் இருக்கின்றன. வழிந்தால் அவை பிழை எழுப்பும். ஆனால் ஒவ்வொரு முறையும் நினைவு வைத்து அழைக்க வேண்டும். மறந்த ஓர் இடத்துக் கூட்டல் குறி பழையபடி மௌனமாகவே இருக்கும். திறமை இதற்குக் காப்பு ஆகாது. ஜாவாவின் சொந்த நூலகத்தில் உள்ள பைனரி சர்ச் என்ற தேடல் நிரலில், நடுப்புள்ளி காண இரு முனைகளைக் கூட்டும் இடத்தில் இதே வழிதல் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கிடந்ததை 2006-ல் எழுதியவர், அதை உருவாக்கிய ஜோஷுவா பிளாக்.

பைத்தான் மொழியில் முழு எண்ணுக்கு உச்சமே இல்லை, நினைவகம் உள்ளவரை வளரும். எங்கள் அறிக்கைகளுக்கு அதைத்தான் பயன்படுத்துகிறோம். நம்பை என்ற அதன் எண் நூலகத்தின் வரிசைகளுக்குள் போனால் மட்டும் அங்கேயும் 64 பிட் எல்லை, அங்கேயும் மௌனம்.

கோ மொழியின் பக்கம் உண்மையான பலங்கள் உண்டு. இரண்டு வாரத்தில் கற்கலாம், நொடியில் தொகுத்து இயந்திர மொழியாக்கலாம், ஊரில் ஆட்கள் கிடைப்பார்கள். வெவ்வேறு அளவுள்ள எண்களைத் தானாகக் கலக்க விடாது. அது ஜாவாவைவிட மேல். ஆனால் முழு எண்ணைப் பூஜ்யத்தால் வகுத்தால் நிரலை நிறுத்தும் அதே மொழி, எண் வழிந்தால் சுற்றிவிட்டுத் தொடர்கிறது. மொழியின் விதியே அப்படி. எழுதும்போது நிலையான மதிப்பு வழிந்தால் தொகுப்பான் தடுக்கும். ஓடும்போது வழிந்தால் யாருமில்லை. அணைக்கவோ போடவோ ஒரு பொத்தானும் இல்லை. எனக்கு அங்கேதான் மனம் விட்டுப்போனது.

ரஸ்ட்டில் அந்தப் பொத்தான் உண்டு. ஆனால் பலர் நினைப்பதுபோல் எப்போதும் போட்டே இருப்பதில்லை. எழுதிச் சோதிப்பதற்காகத் தொகுக்கும் சோதனைக் கட்டுமானத்தில் வழிதல் நேர்ந்தால் நிரல் நிற்கும். உண்மையில் ஓடப்போகும் வெளியீட்டுக் கட்டுமானத்தில், இயல்பு நிலையில், அதுவும் மௌனமாகச் சுற்றும். கட்டுமான அமைப்புகளை எழுதும் கார்கோ கோப்பின் ரிலீஸ் பகுதியில் 'ஓவர்ஃப்ளோ-செக்ஸ்' என்பதை 'ட்ரூ' ஆக்க வேண்டும். ஒரே வரி. அதன் பிறகு நாங்கள் எழுதியதாக இருந்தாலும், அடுத்த ஆண்டு சேரப்போகும் பிள்ளை எழுதுவதாக இருந்தாலும், சாதாரணக் கூட்டல் குறியே காவல் நிற்கும். எங்கள் நிரல் பெரும்பாலும் தரவுத்தளத்துக்காகக் காத்திருப்பது, அதனால் வேகத்தில் வேறுபாடு எதையும் உணரவில்லை. கணக்கீடே முழுநேர வேலையான நிரலுக்கு இதை நான் சோதித்ததில்லை.

நிற்பது எப்போதும் நல்லதா என்று எங்கள் குழுவில் ஒருவர் விடாமல் கேட்டார். நல்ல கேள்வி. 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் அழிந்தது மௌனத்தால் அல்ல. 64 பிட் மிதவைப் புள்ளி (தசம) எண் ஒன்று 16 பிட் முழு எண்ணில் அடங்காமல் பிழை எழுந்தது. வழிகாட்டும் கருவிகள் இரண்டும் அதனால் நின்றுபோயின. பறக்கும் ராக்கெட்டுக்கு நிற்பதும் பேரழிவு. பணக் கணக்கு அப்படியல்ல, காலை வரை காத்திருக்கும். ஆனாலும் ஒரு கடையின் வழிதலுக்காக மற்ற கடைகளின் பட்டுவாடா நின்றுவிடக் கூடாது. ஆகவே தொகை கூட்டும் இடங்களில் கூட்டல் குறிக்குப் பதில் 'செக்ட்_ஆட்' என்ற கட்டளையை வைத்தோம். வழிந்தால் அது எண்ணுக்குப் பதில் வெறுமையைத் தரும். அந்தக் கடையை மட்டும் ஒதுக்கிவிட்டு மீதி நடக்கும்.

ரஸ்ட்டிலும் ஓர் ஓட்டை உண்டு. 'ஆஸ்' என்று எழுதிப் பெரிய எண்ணைச் சிறியதாக்கினால், மேலே சொன்ன பொத்தானைப் போட்டிருந்தாலும் மேல் பிட்டுகள் சத்தமின்றி வெட்டப்படும். அங்கே, எண் அடங்காவிட்டால் பிழை தரும் 'ட்ரை_ஃப்ரம்' எழுத வேண்டும். இதைக் கிளிப்பி என்ற ரஸ்ட் பிழைகாண் கருவியின் கூடுதல் விதி ஒன்றைக் கொண்டு பிடிக்கிறோம்.

எட்டு மாத அனுபவத்தில் பேசுகிறேன், ஐந்தாண்டு கழித்துப் பராமரிப்பு எப்படி இருக்கும் என்று உறுதி தர முடியாது. ரஸ்ட் தெரிந்தவரைத் தேடி ஒரு பணியிடம் மூன்று மாதமாகக் காலியாக இருக்கிறது. ஏற்கெனவே கோ மொழியில் நன்றாக ஓடும் நிரலை இதற்காக மாற்றச் சொல்ல மாட்டேன். பணத்தைக் கூட்டும், பெருக்கும் இடங்களையெல்லாம் நிரலின் ஒரே பகுதிக்குள் அடைத்து, எல்லையைச் சோதித்து, வெளியே கூட்டல் குறி தென்பட்டால் எழுதியவருக்கே திருப்பி அனுப்புங்கள். எங்களிடம் மிஞ்சியிருக்கும் ஜாவா பகுதியை இப்போது அப்படித்தான் காக்கிறோம்.