இலங்கையில் விட்டுவந்த உறவைத் தேடித் தருவதாகப் பணம் பறிக்கும் பெங்களூரு முகவர்: ஓர் எச்சரிக்கை

பெங்களூரிலும், சுள்ளியா, புத்தூர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களிலும் வாழும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்தார் கண்ணில் இது பட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில் பிரிந்த உடன்பிறப்புகளைக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லும் ஒருவரிடம் நாங்கள் 65,000 ரூபாயை இழந்தோம். புகார் விசாரணையில் இருப்பதால் அவர் பெயரை எழுதவில்லை. அவர் வேலை செய்யும் விதத்தைச் சொன்னாலே, அவரிடம் ஏற்கெனவே பேசியவர்களுக்கு ஆள் யாரென்று விளங்கிவிடும்.

என் அம்மா ஹட்டனுக்கு அருகில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்ட பிறகு, ஒரே லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) ஒரே அடுப்பில் உண்டவர்கள்கூடத் தனித்தனியே விண்ணப்பம் போட்டு வெவ்வேறு நாட்டவராயினர். அம்மாவும் அப்பாவும் இந்தியக் கடவுச்சீட்டு வாங்கினார்கள். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, பெண்ணெடுத்த வீட்டாரோடு சேர்ந்து இலங்கைக் குடியுரிமைக்கு எழுதிப்போட்டார். 1975இல் அம்மாவும் அப்பாவும் கோச்சியில் (ரயிலில்) தலைமன்னார் வரை வந்து, இராமானுஜம் கப்பலில் இராமேசுவரம் சேர்ந்து, மண்டபம் முகாமில் குடும்ப அட்டை பெற்று, கர்நாடக வன வளர்ச்சிக் கழகத்தின் ரப்பர்த் தோட்ட வேலைக்காகச் சுள்ளியாவில் குடியேறினார்கள். மாமாவின் கடிதங்கள் 1983 ஜூலைக் கலவரத்தோடு நின்றுவிட்டன.

நான் வேலைக்காகப் பெங்களூர் வந்து, அம்மாவையும் அழைத்துக்கொண்ட பிறகு, சிவாஜி நகரில் ஒரு பயண அலுவலகத்தின் மாடியில் இருக்கும் இந்த முகவரைப் பற்றி வாட்ஸ்அப் குழு ஒன்றில் அறிந்தோம். முதல் நாள் அவர் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. அம்மாவுக்குத் தேநீர் வரவழைத்து, ஒன்றரை மணி நேரம் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு பையன் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். தோட்டத்தின் பெயர், தாத்தாவை வேலைக்குச் சேர்த்த கங்காணியின் பெயர், மாமாவின் இடது புருவத்துத் தழும்பு, அவர் மனைவியின் ஊர் என அம்மா ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. இத்தனை பொறுமையாக யாரும் தன்னை விசாரித்ததில்லை என்று ஆட்டோவில் வரும்போது கண் கலங்கினார். அந்த ஒன்றரை மணி நேரத்தில் நாங்கள் சொன்னதைத்தான் அடுத்த நான்கு மாதங்களில் அவர் துண்டு துண்டாக எங்களிடமே விற்றார் என்பது வெகு தாமதமாகத்தான் எனக்கு உறைத்தது.

முன்பணம் 15,000. இரண்டாம் மாதம், தொழிலாளர் வருகையைக் குறிக்கும் தோட்டத்துப் பழைய செக்ரோல் பதிவேடு அகப்பட்டதாகவும் அதைப் பிரதி எடுக்க 22,000 வேண்டும் என்றும் சொன்னார். வந்த பிரதியில் தாத்தாவின் பெயரும் கங்காணியின் பெயரும் இருந்தன. நாங்கள் சொல்லாத ஒரே ஒரு பெயர்கூட இல்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மூன்றாம் மாதம், கலவரத்துக்குப் பின் மாமா வவுனியாவுக்குப் போய்விட்டதாகச் செய்தி வந்தது. மலையகத்திலிருந்து பல குடும்பங்கள் அப்படி வடக்கே போனது உண்மை என்பதால் நம்பினோம். அதை உறுதிசெய்ய மரபணுச் சோதனை என்று 28,000 வாங்கினார். அம்மாவின் உமிழ்நீரை ஒரு பஞ்சில் எடுத்து, உறைக்கு முத்திரைகூட வைக்காமல் மேசை இழுப்பறையில் போட்டார். நான்கே நாளில் ஆய்வகத்தின் பெயரில்லாத ஒற்றைத் தாளில் "99.9 சதவீதம் உடன்பிறந்தவர்" என்று வந்தது. அக்காவும் தம்பியும் மட்டும் மாதிரி கொடுக்கும் சோதனையில், பெற்றோர் பிள்ளை சோதனையைப்போல அடித்துச் சொல்லும் விடை எளிதில் கிடைக்காது என்பதைப் பிறகு ஒரு மருத்துவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அதற்கடுத்த வாரம் "மாமா" தொலைபேசியில் பேசினார். "அக்கா, நல்லா இருக்கியா?" என்றார், அழுதார், தழும்பைப் பற்றித் தானாகவே சொன்னார். அம்மா பத்து நிமிடம் பேசிவிட்டு, போனை என்னிடம் கொடுத்து உள்ளே போய்விட்டார். மறுநாள் முகவர், மாமாவை விமானத்தில் அழைத்து வர 90,000 கேட்டார்; நம்பிக்கைக்காக மாமாவின் அடையாள அட்டைப் பிரதியையும் அனுப்பினார்.

அதை நான் கோத்தகிரியில் இருக்கும் பெரியப்பா மகனுக்கு அனுப்பியதுதான் எங்களைக் காப்பாற்றியது. அந்த எண்ணை எப்படிப் படிப்பது என்று அவர்தான் விளக்கினார். இலங்கையின் பழைய அடையாள அட்டை எண்ணில் ஒன்பது இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாக இருந்தால் அந்த நாளோடு 500ஐக் கூட்டியிருப்பார்கள். 2016 முதல் தரப்படும் பன்னிரண்டு இலக்க எண்ணில் ஆண்டு முழுமையாக வரும், நாள் கணக்கு அதேதான். எங்களுக்கு வந்த அட்டையில் 51க்கு அடுத்து 612 என்று இருந்தது. அதாவது அந்த எண்ணுக்கு உரியவர் 1951 ஏப்ரலில் பிறந்த ஒரு பெண். என் மாமா தை மாதத்தில் பிறந்தவர்.

இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தவித்தேன். சொன்னபோது அவர் அதிரவில்லை. "நம்ம காம்பரா லயத்துல எந்தப் பக்கம்னு அன்னிக்கே கேட்டேன். 'காம்பரான்னா என்ன அக்கா'ன்னான். தோட்டத்துல பொறந்தவன் அதைக் கேப்பானா?" என்றார். லயத்தில் ஒரு குடும்பம் குடியிருக்கும் அறையைத்தான் காம்பரா என்பார்கள். பிறகு ஏன் பத்து நிமிடம் பேசினீர்கள் என்றதற்கு, அக்கா என்று கூப்பிட்டானே என்றார்.

முகவரிடம் கேட்டபோது, தட்டச்சுப் பிழை என்றார். மறுநாள் தன் தொலைபேசி எண்ணை மாற்றிவிட்டார். பணத்தை யுபிஐ வழியாக அனுப்பியிருந்ததால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் பதிவு செய்தேன். ஆனால் பல வாரங்கள் கடந்துவிட்டதால் பணம் வேறு கணக்குகளுக்குப் போய்விட்டிருந்தது. அனுப்பிய சில மணி நேரத்துக்குள் அழைத்தால் தொகையை முடக்க ஓரளவு வாய்ப்பு உண்டு. எங்களைப்போல வெட்கப்பட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள்.

போராலும் இடம்பெயர்வாலும் பிரிந்தவர்களைத் தேடும் பணியைச் செஞ்சிலுவைச் சங்கம் கட்டணமின்றிச் செய்கிறது; இங்கே அதைக் கவனிப்பது டெல்லியில் தலைமையகம் உள்ள இந்தியச் செஞ்சிலுவைச் சங்கம். இலங்கையில் பிறப்புப் பதிவின் பிரதியை அந்தந்தப் பிரதேச செயலகத்தில் கேட்டுப் பெறலாம். அதற்கு 22,000 ரூபாய் ஆகாது. தோட்டங்களுக்கு ஆவணத்தில் ஆங்கிலப் பெயரும் ஆட்களின் வாயில் வேறொரு தமிழ்ப் பெயரும் இருப்பதால், இரண்டையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள்.

நாங்கள் இப்போது அந்த வழியில் விண்ணப்பித்திருக்கிறோம். லயத்தில் எந்தப் பக்கத்துக் காம்பரா என்பதை மட்டும் அம்மா எழுதவிடவில்லை. அதைத் தம்பி வந்து சொல்லட்டும் என்கிறார்.