ஒன்பது ஆண்டுப் பழைய கணக்கும் மூன்று கடிதங்களும்

குறிப்புகள், ஸ்கேன் செய்த ஆவணங்கள், படங்கள் ஆகியவற்றைச் சேமித்து வைக்கும் ஒரு மேகச் சேமிப்புச் சேவையை ஒன்பது ஆண்டுகளாகச் சந்தா செலுத்திப் பயன்படுத்தி வருகிறேன். அதன் பெயரை இங்கே எழுதவில்லை. நான் சொல்ல வருவது அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியதன்று; வேகமாக வளர்ந்த எந்தச் சேவையிலும் நெடுநாளாகக் கணக்கு வைத்திருப்பவர் பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு கருவியாக அது நன்றாகவே இருக்கிறது. கைபேசியில் எழுதியது கணினியில் உடனே தெரிகிறது, தேடல் வேகமானது, இத்தனை ஆண்டுகளில் ஒரு கோப்பும் தொலைந்ததில்லை. ஆகவே வசதிகளைப் பற்றி மேலும் சொல்லாமல், சென்ற ஆண்டு நடந்த தரவுக் கசிவையும் அதன் வழியாக நான் அறிந்துகொண்டதையும் எழுதுகிறேன்.

நான் சேர்ந்தபோது அது சிறிய குழு. உதவி கேட்டு எழுதினால், பெயரிட்டுக் கையெழுத்திட்ட ஒருவரிடமிருந்து மறுநாள் பதில் வரும். நான்காம் ஆண்டுக்குப் பிறகு முதலீடு வந்தது. பயனர் எண்ணிக்கை பலமடங்கு பெருகியது. மாதந்தோறும் புதிய வசதிகள் வந்தன. கைபேசி எண் கேட்டார்கள், கொடுத்தேன். தொடர்புப் பட்டியலைப் பார்க்க அனுமதி கேட்டார்கள், ஒருமுறை கொடுத்துவிட்டுப் பிறகு திரும்பப் பெற்றேன். அன்று இவற்றில் எதுவும் தவறாகத் தோன்றவில்லை.

ஒவ்வொரு சேவைக்கும் ஒரு தனி மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொள்வது என் வழக்கம். இந்தச் சேவைக்கென்றே உருவாக்கிய, வேறு எங்கும் கொடுக்காத முகவரிக்கு ஒரு நாள் போலிப் பரிசு அறிவிப்பு ஒன்று வந்தது. அந்த வாரத்திலேயே மேலும் நான்கு வந்தன. உதவிப் பிரிவுக்கு எழுதியபோது, என் கணினியில் வைரஸ் உள்ளதா என்று பார்க்கும்படி தானியங்கிப் பதில் வந்தது. மூன்று வாரங்கள் கழித்துத்தான் நிறுவனத்தின் முதல் கடிதம் கிடைத்தது.

மொத்தம் மூன்று கடிதங்கள். ஒரு சிறு பகுதிப் பயனர்களின் மின்னஞ்சல் முகவரிகள் பார்க்கப்பட்டிருக்கலாம் என்றும், கடவுச்சொற்கள் எடுக்கப்பட்டதற்கு ஆதாரம் இல்லை என்றும் முதல் கடிதம் சொன்னது. ஐந்து வாரங்களுக்குப் பின் வந்த இரண்டாவது, பெயர், கைபேசி எண், ஹாஷ் செய்யப்பட்ட (அதாவது மூலச்சொல்லை எளிதில் மீட்க முடியாத எழுத்துக்கோவையாக மாற்றப்பட்ட) கடவுச்சொல் ஆகியவையும் போயிருக்கின்றன என்றது. மூன்றாவது, பழைய காப்புப் பிரதி ஒன்று முழுவதுமாக நகலெடுக்கப்பட்டதை ஒப்புக்கொண்டது.

இப்படி எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவது புதிதன்று. யாகூ நிறுவனம் 2013இல் நடந்த ஊடுருவலை 2016 டிசம்பரில்தான் வெளியே சொன்னது. அப்போது 100 கோடிக் கணக்குகள் என்றது, 2017 அக்டோபரில் 300 கோடி, அதாவது அன்றிருந்த எல்லாக் கணக்குகளும் என்றது. கடவுச்சொற்களைப் பாதுகாப்பதற்கென்றே இயங்கும் லாஸ்ட்பாஸ், 2022 ஆகஸ்டில் வாடிக்கையாளர் தரவு தொடப்பட்டதற்கு ஆதாரம் காணப்படவில்லை என்று அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில், வாடிக்கையாளர்கள் கடவுச்சொற்களைச் சேர்த்து வைக்கும் பெட்டகங்களின் காப்புப் பிரதி நகலெடுக்கப்பட்டதையும், அதனுள் இணையதள முகவரிகள் குறியாக்கம் இல்லாமலே இருந்ததையும் தெரிவித்தது.

முதல் கடிதத்தில் எல்லாம் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று என்பதையும் சொல்ல வேண்டும். ஊடுருவியவர் எங்கெங்கே போனார் என்பதைப் பதிவேடுகளிலிருந்து தேடி எடுக்க வாரங்கள் ஆகும். 2018 மே முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியப் பொதுத் தரவுப் பாதுகாப்பு விதியும் இதை அறிந்தே எழுதப்பட்டது: கசிவு தெரியவந்த 72 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு அமைப்புக்கு அறிவிக்கச் சொல்லும் அதே விதி, விவரங்களைப் பகுதி பகுதியாகத் தரவும் இடம் தருகிறது. ஆகவே என் வருத்தம் எண்ணிக்கை மாறியதில் இல்லை. 'ஆதாரம் இல்லை' என்ற சொற்களைப் படிப்பவர் 'நடக்கவில்லை' என்றுதான் புரிந்துகொள்வார் என்பது கடிதத்தை எழுதியவருக்குத் தெரிந்திருக்கும். 'இன்னும் பார்த்து முடிக்கவில்லை, கடவுச்சொல்லை இன்றே மாற்றிவிடுங்கள்' என்று ஒரு வரி எழுதியிருந்தால் எனக்கு ஐந்து வாரங்கள் மிச்சமாகியிருக்கும்.

என்னை அதிகம் உலுக்கியது, இரண்டாம் கடிதத்துக்குப் பின் நான் கேட்ட ஒரு கேள்விக்குக் கிடைத்த விடை. என் கடவுச்சொல் எந்த முறையில் ஹாஷ் செய்யப்பட்டிருந்தது என்று கேட்டேன். பலமுறை வற்புறுத்திய பிறகு ஒரு பொறியாளர் எழுதினார்: நான் சேர்ந்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் வலுவான புதிய முறைக்கு மாறிவிட்டார்களாம், அதற்கு முந்தைய கணக்குகள், பயனர் கடவுச்சொல்லை மாற்றும்போதுதான் புதிய முறைக்கு நகருமாம். நான் மாற்றவே இல்லை. அது நீளமானது, வேறு எங்கும் பயன்படுத்தாதது. மாற்றக் காரணம் இருக்கவில்லை. ஆகவே நேற்றுச் சேர்ந்தவருக்கு உறுதியான பூட்டும், முதல் நாளிலிருந்து சந்தா கட்டியவருக்குப் பழைய பூட்டும் என்றாகிவிட்டது.

இது தவிர்க்க முடியாததன்று. இத்தகைய சேவையில் நான் உள்நுழையும் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் அவர்களுடைய சேவையகத்துக்குப் போய்ச் சரிபார்க்கப்படுகிறது. அந்த நொடியிலேயே புதிய முறையில் ஹாஷ் செய்து பழையதை அழித்துவிடலாம். பயனர் நெடுநாள் வராவிட்டாலும், பழைய ஹாஷின் மேல் புதிய முறையை ஒருமுறை செலுத்தி வைக்கலாம். மாற்றம் நடந்த பிறகு நூற்றுக்கணக்கான முறை நான் உள்நுழைந்திருப்பேன். அத்தனை முறையும் வாய்ப்பு வந்து போயிருக்கிறது. லாஸ்ட்பாஸிலும் இதே கதைதான். முதன்மைக் கடவுச்சொல்லை உடைப்பதைக் கடினமாக்கும் சுற்றுகளின் எண்ணிக்கையை 2018இல் 1,00,100 ஆக உயர்த்தினார்கள். பழைய கணக்குகள் பல 5,000 சுற்றுகளிலேயே விடப்பட்டிருந்ததைக் கசிவுக்குப் பின் பயனர்களே கண்டுபிடித்தார்கள். 2012இல் மேகச் சேமிப்புச் சேவையான டிராப்பாக்ஸிலிருந்து எடுக்கப்பட்டு 2016இல் வெளிவந்த 6.8 கோடிக்கு மேற்பட்ட கணக்குகளிலும் கடவுச்சொற்களில் ஒரு பகுதி பிகிரிப்ட் என்ற வலுவான ஹாஷ் முறையிலும், மறுபகுதி அதைவிட வலுக்குறைந்த ஷா-1 முறையிலும் இருந்தன. வளர்ச்சியின் வேகத்தில் ஒரு நிறுவனம் புதிய வாசலைக் கட்டுகிறது. பழைய வாசலுக்குத் திரும்பிப் போய்த் தாழ்ப்பாள் மாற்றும் வேலையால் ஒரு புதிய பயனரும் வந்துவிடப் போவதில்லை என்பதால் அது தள்ளிப்போகிறது என்றே நினைக்கிறேன்.

மூன்றாம் கடிதத்துக்குப் பிறகு என்னைப் பற்றி அவர்களிடம் உள்ள தரவு அனைத்தையும் பதிவிறக்கம் செய்து பார்த்தேன். நெடுநாள் பயனர் ஒவ்வொருவரும் கசிவுக்குக் காத்திராமல் செய்ய வேண்டிய காரியம் இது. பயன்பாட்டில் இல்லாத கைபேசிகளின் பெயர்கள், பல ஆண்டுகளுக்கு முன் நான் உள்நுழைந்த ஐபி முகவரிகள், குப்பைத் தொட்டியிலிருந்தும் நீக்கிவிட்டதாக நினைத்த இரண்டு ஆவணங்கள், இவற்றோடு 214 பேர் கொண்ட என் பழைய தொடர்புப் பட்டியலும் இருந்தது. அனுமதியைத் திரும்பப் பெற்றபோது பட்டியலும் போய்விட்டது என்று நான் எண்ணியிருந்தேன். மேற்கொண்டு எடுப்பதை மட்டுமே நிறுத்தியிருக்கிறார்கள். அந்த 214 பேரில் பெரும்பாலோர் இந்தச் சேவையின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். என் ஒரு சொடுக்கால் அவர்களுடைய எண்கள் எங்கோ ஒரு திருட்டுக் கோப்பில் இருக்கின்றன. மரபணுச் சோதனை நிறுவனமான 23அண்ட்மீயில் 2023இல் நடந்ததைப் படித்திருந்தும் நான் இதை உணரவில்லை. அங்கே, வேறு இடங்களில் திருடப்பட்ட கடவுச்சொற்களைக் கொண்டு நேரடியாகத் திறக்கப்பட்டவை சுமார் 14,000 கணக்குகள்தான். உறவினரைக் கண்டறியும் வசதி வழியே விவரங்கள் வெளியேறியதோ ஏறத்தாழ 69 லட்சம் பேருடையவை. பட்டியலில் இருந்தவர்களில் இன்றும் தொடர்பில் இருப்பவர்களுக்கு நானே எழுதித் தெரிவித்தேன். ஒவ்வொரு வரியும் எழுதக் கூசியது.

நிறுவனத்துக்கு உரிய நற்பெயரையும் கொடுக்க வேண்டும். தாமதமாகவும் தயங்கியும் சொன்னார்கள் என்றாலும், மறைக்கவில்லை. ஊபர் 2016இல் 5.7 கோடிப் பேரின் தரவை இழந்தபோது, எடுத்தவர்களுக்கு 1,00,000 டாலர் கொடுத்து, பிழை கண்டறிந்தோருக்குத் தரும் வெகுமதி என்று அதைக் கணக்கில் காட்டி, ஓர் ஆண்டு பேசாமல் இருந்தது. அதன் அன்றைய பாதுகாப்புத் தலைவர் 2022இல் நீதிமன்றத்தில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். நிரல்களைச் சேமித்து வைக்கும் தளமான கிட்ஹப்பில் ஊபர் வைத்திருந்த நிரலுக்குள் மேகச் சேமிப்பின் திறவுகோலே கிடந்தது அந்தத் திருட்டுக்கு வழியாயிற்று. நான் பயன்படுத்தும் சேவையில் வழி எது என்று மூன்று கடிதங்களிலும் இல்லை. அதைச் சொல்லியிருந்தால் என் நம்பிக்கை கூடியிருக்குமே தவிரக் குறைந்திருக்காது.

இப்போதும் கணக்கு வைத்திருக்கிறேன். கடவுச்சொல்லை மாற்றி, குறுஞ்செய்திக்குப் பதில் செயலி வழியே இருபடிச் சரிபார்ப்பை அமைத்து, கைபேசி எண்ணை நீக்கிவிட்டேன். பாதுகாப்புக்கென்று பயனர்கள் கொடுத்த எண்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தியதற்காக ட்விட்டர் 2022இல் 15 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்ட பிறகு, எண் கேட்கும் எந்தச் சேவையிலும் வேறு வழி உண்டா என்று முதலில் பார்க்கிறேன். அடையாள ஆவணங்களை வெளியே எடுத்து, நானே குறியாக்கம் செய்து வன்தட்டில் வைத்துக்கொண்டேன். கட்டுரைக் குறிப்புகளும் படித்தவற்றின் பகுதிகளும் மட்டுமே அங்கே இருக்கின்றன. அந்த அளவுக்கு, யாருக்கும் பரிந்துரைக்கத் தக்க சேவைதான் அது. அதற்கு மேல் எதையும் நம்பி வைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தொடர்புப் பட்டியலை நீக்கக் கோரி எழுதியபோது இரண்டே நாளில் நீக்கினார்கள். காப்புப் பிரதிகளிலிருந்து அது எந்தத் தேதியில் அழியும் என்று மறுபடி கேட்டேன். பதினொரு நாள் கழித்து, பெயரிட்டுக் கையெழுத்திட்ட ஒரு பதிலில் தேதி வந்தது. அதற்கு இன்னும் ஆறு வாரங்கள் இருக்கின்றன. அந்நாள் கழிந்ததும், அழித்தாயிற்று என்ற உறுதியை எழுத்தில் கேட்கப்போகிறேன்.