கீழக்கரையிலிருந்து ஒரு மதிப்புரை: கோல்ஃப் ஹேண்டிகேப் சேவை எவ்வளவு நியாயமானது?

கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடி எனக் கடலோரத்து ஊர்களைச் சேர்ந்த எங்கள் கோல்ஃப் குழுவில் பெரும்பாலோர் வளைகுடாவிலோ மலேசியாவிலோ கப்பலிலோ வேலை பார்த்த காலத்தில் ஆடக் கற்றுக்கொண்டவர்கள். ஊரில் உடைமரங்களுக்கு நடுவே கிடக்கும் பொட்டலில் பந்தை அடித்துக் கையைப் பழக்கிக்கொள்ளலாமே தவிர, முழு ஆட்டம் ஆட நாங்கள் மதுரை, வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் மலைக்குத்தான் ஏறுகிறோம். குழுவில் நன்றாக ஆடுபவருக்கும் சுமாராக ஆடுபவருக்கும் இடைவெளி மிகுதி என்பதால், ஒரு கிளப் வழியாகக் கிடைக்கும் ஹேண்டிகேப் சேவையில், அதாவது திறனுக்கேற்பச் சலுகை அடிகளைக் கணக்கிட்டுத் தரும் சேவையில், எல்லோரும் சேர்ந்தோம். ஆண்டுச் சந்தாவும் கைப்பேசிச் செயலியும் கொண்ட அந்தச் சேவை எங்களைப் போன்றவர்களுக்கு நியாயம் செய்கிறதா என்பதே இம்மதிப்புரையின் பொருள்.

தொண்டிப் பக்கம் நடக்கும் பாய்மரப் படகுப் போட்டியில் எல்லா வள்ளங்களும் ஒன்றாகப் புறப்படுகின்றன. எல்லையைத் தொட்டுவிட்டு முதலில் கரை சேர்வது வெல்கிறது. எவரும் எவருக்கும் சலுகை கேட்பதில்லை. அமெச்சூர் கோல்ஃபில் நிலைமை வேறு: பந்தைக் குழிகளில் போடக் குறைவான அடிகள் எடுப்பவரே வெல்வார்; திறன் குறைந்தவருக்கு எத்தனை அடி கழிவு என்று முன்கூட்டியே கணக்கிட்டு, அவர் எடுத்த மொத்த அடிகளிலிருந்து அதைக் கழித்த பிறகே வெற்றி தோல்வி பார்க்கப்படுகிறது. முன்பு உலகில் ஆறு வெவ்வேறு கணக்கு முறைகள் இருந்தன. கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பும் அமெரிக்க கோல்ஃப் சங்கமும் அவற்றை இணைத்து 2020-இல் உலக ஹேண்டிகேப் முறையைக் கொண்டுவந்தன. எங்கள் செயலிக்குள் ஓடுவதும் அதே கணக்குத்தான்.

சேவையின் சிறந்த பகுதி, களத்துக்குக் களம் கழிவை மாற்றித் தரும் முறை. ஒவ்வொரு களத்துக்கும் 55 முதல் 155 வரை ஸ்லோப் என்றொரு எண் உண்டு. 113 என்பது அடிப்படை. சாதாரண ஆட்டக்காரருக்கு ஒரு களம் தேர்ந்த ஆட்டக்காரரைக் காட்டிலும் எவ்வளவு கூடுதலாகக் கடினம் என்பதை அந்த எண் சொல்கிறது. ஒருவரின் திறனைக் காட்டும் எண் இண்டெக்ஸ்; திறன் குறையக் குறைய அது கூடும். இண்டெக்ஸ் 18.0 உள்ளவருக்கு ஸ்லோப் 128 உள்ள களத்தில் ஏறத்தாழ 20 அடியும், 105 உள்ள களத்தில் 17 அடியும் கிடைக்கும். களத்தின் ரேட்டிங் (தேர்ந்த ஆட்டக்காரருக்கு அங்கே ஆகும் அடிகளின் மதிப்பீடு) பாரிலிருந்து (களத்துக்கு வகுத்த அடிகளின் எண்ணிக்கை) வேறுபட்டால் அந்த வித்தியாசமும் இதில் சேரும். துபாயில் சமதளத்தில் ஆடிப் பெற்ற இண்டெக்ஸுடன் விடுமுறையில் வரும் எங்கள் தம்பிமார், மெல்லிய காற்றில் பந்து கூடுதலாகப் பறக்கும் மலைக்களத்தில் நின்றுகொண்டு, "காக்கா (அண்ணா), இங்கே எனக்கு எத்தனை?" என்று கேட்டால், செயலி நொடியில் பதில் தருகிறது. ரேட்டிங் போடும்போதே களத்தின் உயரமும் வழக்கமாக வீசும் காற்றும் கணக்கில் எடுக்கப்படுவதால் அந்தப் பதிலை நம்பலாம். முன்பெல்லாம் இந்த எண்ணை டீக்கடைப் பேரத்தில் முடிவு செய்தோம். அதில் குரல் பெரியவருக்கே கழிவும் பெரியது.

ஒரு குழியில் சறுக்கியவர் அதை வைத்தே தம் இண்டெக்ஸை ஊத வைக்க முடியாது என்பதும் பாராட்டத்தக்கது. எங்கள் ஆட்டமொன்றில் நண்பர் ஒருவர் பார் 4 குழியில் பந்தை இருமுறை மரத்தடியிலிருந்து மீட்டு, பென்சிலால் அட்டையில் 9 என்று எழுதினார். அந்தக் குழியில் அவருக்கு ஓர் அடி கழிவு உண்டு; ஆகவே பாருக்கு மேல் இரண்டு, கழிவு ஒன்று எனக் கூட்டி, இண்டெக்ஸ் கணக்குக்குச் செயலி 7-ஐ மட்டுமே எடுத்துக்கொண்டது.

இனி குறைகள். இண்டெக்ஸ் என்பது ஒருவரின் சராசரி ஆட்டத்தைக் காட்டுவதன்று. கடைசி 20 ஸ்கோர்களில் சிறந்த 8-இன் சராசரி அது. அதாவது, நல்ல நாளில் என்ன ஆட முடியும் என்பதையே அளக்கிறது. ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே மாதிரி ஆடும் நிதான ஆட்டக்காரருக்குச் சராசரிக்கும் இண்டெக்ஸுக்கும் தூரம் குறைவு. ஒருநாள் 88, மறுநாள் 106 என்று ஆடுபவருக்கு அத்தூரம் அதிகம். ஆகவே இருவர் மட்டும் மோதினால் நிதானக்காரர் பக்கம் தராசு சற்றே சாய்கிறது; பெரிய கூட்டத்திலோ, அலைபாயும் ஆட்டக்காரர்களில் எவராவது ஒருவருக்கு அன்று நல்ல நாளாக அமைந்து, அவர் கோப்பையைத் தட்டிச் செல்கிறார். இதைச் சரிக்கட்டவே தனிநபர் ஸ்ட்ரோக் ப்ளே (மொத்த அடிகளை எண்ணும்) போட்டிகளில் கழிவில் 95 விழுக்காடு மட்டும் தர வேண்டும் என்று பரிந்துரைத்திருக்கிறார்கள்.

அந்தப் பரிந்துரை பெரிய போட்டிக்கு உரியது. 30 பேருக்குக் குறைவாக ஆடும்போது முழு 100 விழுக்காடும் தரலாம் என்று அதே விதிநூல் சொல்கிறது. எங்கள் குழு ஒருநாளும் 30 பேரைத் தொட்டதில்லை. இருந்தும் செயலி தானாகவே 95-ஐப் போட்டுக்கொள்கிறது; போட்டி நடத்துபவர் செயலியின் அமைப்புகளுக்குள் சென்று மாற்ற வேண்டும். அதை எவரும் சொல்லித் தராததால், கழிவு அதிகம் உள்ளவர்கள் போட்டிக்குப் போட்டி ஓர் அடியை இழந்துகொண்டிருந்தார்கள். உதவி எண்ணுக்கு அழைத்தபோது பேசியவருக்கும் அந்த விதி தெரிந்திருக்கவில்லை.

வானிலைத் திருத்தமும் சிறு குழுவுக்கு எட்டாக்கனி. மூடுபனியோ மழையோ வந்து எல்லோருடைய ஸ்கோரும் கெட்டால், அந்த நாளின் ஸ்கோர்களைச் செயலி தானே சீர்தூக்கும் என்று விளம்பரத்தில் இருக்கிறது. உண்மைதான், ஆனால் அன்று அந்தக் களத்தில் குறைந்தது 8 பேரின் ஏற்கத்தக்க ஸ்கோர் பதிவாகியிருக்க வேண்டும். ஆளரவமற்ற வார நாளில், எதிரே கொடிக்கம்பம் தெரியாத பனியில், நான்கு பேர் ஆடிய ஆட்டம் வெயில் நாளின் ஆட்டமாகவே பதிவாகிவிடுகிறது.

எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்துவது வயதானவர்களின் நிலை. எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்கு முந்திய ஓராண்டில் அவருடைய மிகக் குறைந்த இண்டெக்ஸ் 14.2. கால் விழுந்தபின் அவர் ஆடிய ஆட்டங்களின்படி கணக்கு 20.2 என்று வந்தாலும், செயலி 18.7-க்கு மேல் விடவில்லை. அந்தக் குறைந்த இண்டெக்ஸிலிருந்து ஏற்றம் 3.0-ஐத் தாண்டினால் மிகுதியில் பாதிதான் சேரும், மொத்த ஏற்றம் 5.0-ஐத் தாண்டவே கூடாது என்பது விதி. வேண்டுமென்றே மோசமாக ஆடி இண்டெக்ஸை ஏற்றிக்கொண்டு, பரிசு நாளன்று விளாசும் தந்திரக்காரர்களைத் தடுக்க அந்த வேலி தேவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கிளப்பின் ஹேண்டிகேப் குழு விரும்பினால் காயம், நோய் போன்ற காரணங்களுக்காக அதைத் தளர்த்தலாம். நாங்கள் சந்தா கட்டும் இடத்திலோ அப்படியொரு குழு பெயரளவில்தான் இருக்கிறது. அவர் அனுப்பிய மருத்துவச் சான்றுக்கு இன்றுவரை பதில் இல்லை.

எப்போதாவது ஆடுபவருக்கு 20 ஸ்கோர் சேரவே ஆண்டுகள் ஆகும் என்பதும் நினைவில் இருக்கட்டும். பழைய ஸ்கோர் காலாவதி ஆவதில்லை. புதியவை வந்து தள்ளினால்தான் போகும். கப்பலில் பல மாதங்களைக் கழித்துவிட்டு வருபவரின் இண்டெக்ஸ், அவர் முன்பு எப்படி ஆடினார் என்பதன் சான்றிதழாகவே இருக்கிறது.

வாரந்தோறும் ஆடும் வாய்ப்புள்ளவர்கள், வெளிநாட்டுக் களங்களில் ஆடுபவர்கள் தயங்காமல் சேரலாம். கொடுக்கும் பணத்துக்குக் குறைவில்லை. எங்களைப் போல மலையேறிச் சென்று ஆடும் சிறு குழுவினர், சந்தா கட்டும் முன்பே அந்தக் கிளப்பில் ஹேண்டிகேப் குழு உண்மையில் கூடுகிறதா, விண்ணப்பத்துக்கு எத்தனை நாளில் பதில் தருவார்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. நாங்கள் அடுத்த சந்தாவை, அந்த மூத்தவரின் விண்ணப்பத்துக்குப் பதில் வந்த பிறகே கட்டுவதாக இருக்கிறோம்.