வேறு ரைபிளுக்கு மாறும் தோட்டாக் கூடு: கழுத்தை மட்டும் அமுக்குவதா, முழுதும் அமுக்குவதா?

ஆஸ்திரேலியாவில் குடியேறிவிட்ட என் மைத்துனர், உரிமத்துடன் வைத்திருந்த .303 லீ-என்ஃபீல்டு ரைபிளை விற்றுவிட்டு அதே ரகத்தில் இன்னொன்றை வாங்கியிருக்கிறார். பழையதில் சுட்ட நாற்பது காலிக் கூடுகளில் மறுபடி மருந்தும் குண்டும் நிரப்பிப் புதியதில் சுடலாமா என்று, ராணுவப் பணிமனையில் ஆயுதம் பழுதுபார்த்து ஓய்வு பெற்றுப் பாளையங்கோட்டையில் இருக்கும் என்னிடம் கேட்டார். (நம் ஊரில் இந்தக் கேள்வி எழுவதில்லை, 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும்.)

தோட்டாக் கூடு ஏறத்தாழ 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை. சுடும்போது அது உப்பி, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையின் சுவரோடு ஒட்டி, வாயு பின்னால் கசியாதபடி அடைத்துவிட்டுச் சற்றே சுருங்குவதால், அந்த ஒரு அறையின் அளவையே உடம்பில் வாங்கிக்கொள்கிறது.

மறுபடி நிரப்புமுன், உப்பிய கூட்டை டை என்னும் அச்சில் அமுக்கிச் சுருக்க வேண்டும். குண்டைப் பிடிக்கும் கழுத்தை மட்டும் அமுக்கினால் பித்தளைக்கு உழைப்புக் குறைவு, ஆயுள் அதிகம். ஆனால் அது சுட்ட ரைபிளுக்கு மட்டுமே பொருந்தும். இறுக்கமான இன்னொரு அறையில், அதைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட் மூடாமல் அடம்பிடிக்கும். முழுதும் அமுக்கிய கூடு அநேகமாக எந்த அறையிலும் நுழையும். ஆனால் .303இல் இதுவே வினையாகும்: அதன் தோட்டா அறையில் நிற்பது தூரிலுள்ள விளிம்பால், போர்க்கால அறைகளோ தாராளமாகக் கடையப்பட்டவை, ஆகவே அமுக்கும்போது பின்னுக்குத் தள்ளப்பட்ட தோள் (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி) சுடும் ஒவ்வொரு முறையும் முன்னே நீண்டு, தூருக்குச் சற்று மேலே சுவர் மெலிந்து, ஒருநாள் கூடு இரண்டாகப் பிரிந்துவிடும்.

எனவே, டையைச் சிறிது சிறிதாக இறக்கி, புதிய ரைபிளில் போல்ட் தடையின்றி மூடும் அளவோடு நிறுத்தி, அதில் ஒருமுறை சுட்டபின் கழுத்தை மட்டும் அமுக்கி வருவதே என் தேர்வு. குடம் அடிக்கும் கன்னார், அடிபட்டு இறுகிய தகட்டை இடையிடையே தீயில் காட்டி இளக்குவதைப் போல, கழுத்தையும் இளக்கலாம். தூரில் மட்டும் சூடு ஏறவே கூடாது, இளகிய தூர் அழுத்தத்தைத் தாங்காது.

எத்தனை முறை சுட்டது என்று தெரியாத கூட்டுக்குப் புதியதே மேல். தெரிந்தவற்றையும், நுனி வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டுச் சுவரைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். நாற்பதில் ஏழில், தூருக்கு மேலே கம்பி ஒரு பள்ளத்தில் இடறியதாம். அவற்றின் வாயை நசுக்கி, பழைய பித்தளையோடு எடைக்குப் போடச் சொல்லிவிட்டேன்.