கீமோவுக்கு முன் விந்து சேமித்து வைத்தவர்கள் கவனத்துக்கு

என் கணவருக்குக் கல்யாணத்துக்கு முன்பே ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வந்து குணமானது. கீமோ தொடங்கும் முன்பே விந்தை உறையவைக்கச் சொல்லிவிட்டார் புற்றுநோய் மருத்துவர். இவரும் ஒரு கருத்தரிப்பு மையத்தில் மூன்று குப்பி கொடுத்து, வருடாவருடம் சேமிப்புக் கட்டணமும் கட்டிவந்தார். அங்கேயேதான் இக்ஸி, அதாவது விந்தணுவை ஊசியால் நேராக முட்டைக்குள் செலுத்தும் சிகிச்சை, செய்யப் போனோம்.

எனக்கு முட்டை வளர ஊசியெல்லாம் போட்டு, முட்டை எடுக்கிற அன்று காலை, பச்சை அங்கி மாட்டி டிரிப்ஸ் ஏற்றிப் படுக்க வைத்த பிறகு கவுன்சிலர் வந்து, "மூணு குப்பியும் உருக்கிப் பார்த்துட்டோம்மா, ஒண்ணும் உயிரோட இல்ல, டோனர் போட்டுக்கலாம், ரெடியா இருக்கு" என்கிறார். டோனர் என்றால் வேறொருவர் கொடுத்த விந்து. இக்ஸியில் ஒரு முட்டைக்கு ஒரு விந்தணு போதும். அப்படியிருக்க எங்களைக் கேட்காமல் மூன்றையும் ஒன்றாக ஏன் உருக்கினார்கள்? பதில் இல்லை. ரிப்போர்ட் கேட்டால் ஒரு துண்டுச் சீட்டு, அதில் பேனாவில் இவர் பெயர் மட்டும். குப்பி எண், தேதி, எத்தனை அணு அசைந்தது, எதுவுமே இல்லை. கையில் கொடுத்த படிவக் கட்டில் மயக்க மருந்துக்கான சம்மதத்துக்கு அடியில் டோனர் சம்மதமும் செருகியிருந்தது, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலில் பெருக்கல் குறியோடு.

நான் போடவில்லை. முட்டைகளை எடுத்து அப்படியே உறையவையுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். டோனர் என்றால் வெற்றி வாய்ப்பு கூடும் என்று அதற்கப்புறமும் விடாமல் சொன்னார்கள். இக்ஸி உட்பட ஐவிஎஃப் எனும் சோதனைக் குழாய்க் கருத்தரிப்பில் வெற்றியைப் பெரிதும் முடிவு செய்வது முட்டை தரும் பெண்ணின் வயது என்பதைச் சொல்லவே இல்லை.

டோனர் வழியில் குழந்தை பெறுவதில் ஒரு குறையும் கிடையாது, சட்டப்படி அது அந்தத் தம்பதியின் குழந்தைதான். ஆனால் இந்தியாவில் செயற்கைக் கருத்தரிப்பை ஒழுங்குபடுத்தும் 2021ஆம் வருட ஏஆர்டி சட்டப்படி டோனர் விந்து பதிவு பெற்ற வங்கியிலிருந்துதான் வர வேண்டும், கொடுப்பவர் வயது 21 முதல் 55க்குள் இருக்க வேண்டும், ஒருவருடைய விந்தை ஒரு தம்பதிக்கு மேல் தரக்கூடாது, எழுத்துச் சம்மதமும் கட்டாயம். எந்த வங்கி, பதிவு எண் என்ன என்று இவர் கேட்டதும் கவுன்சிலர் எழுந்து போய்விட்டார்.

எனக்கு வயிறு எரிவது வேறொன்றுக்கு. இவருக்குக் கொடுத்தது ஏபிவிடி என்ற நான்கு மருந்து கீமோ. அதற்குப் பிறகு விந்தணு உற்பத்தி நின்றாலும் பலருக்கு ஓரிரு வருடத்தில் திரும்பிவிடும். டோனரைத் தலையில் கட்டப் பார்த்தவர்கள் இவருக்குப் புதிதாக ஒரு செமன் டெஸ்ட்கூட எடுக்கவில்லை! வேறொரு ஆண்ட்ராலஜிஸ்ட் (ஆண்களின் கருவள மருத்துவர்) எடுத்துப் பார்த்தார், குறைவாகத்தான் இருக்கிறது, ஆனால் உயிரோடு இருக்கிறது, இக்ஸிக்குப் போதும் என்கிறார்.

விந்து சேமித்து வைத்திருப்பவர்கள் எத்தனை குப்பி, என்ன எண், உறையவைத்தபோது அசைவு எவ்வளவு என்று இப்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உறையவைத்த தேதியையும் பாருங்கள். முதலில் ஒரு குப்பியை மட்டும் உருக்கச் சொல்லுங்கள், அதுவும் பெண்ணுக்கு ஊசி தொடங்குவதற்கு முன்பே.