எம்.சி. ரோட்டுக் கூட்டத்துக்கு போஸ்ட்கிரெஸ் தாங்குமா?

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஜவுளிக் கடைகளின் பில்லிங் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தீபாவளி சமயத்தில் அந்தப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், எல்லா கவுன்ட்டரிலும் ஒரே நேரத்தில் பில் ஓடும், ஒவ்வொரு பில்லும் இருப்பைக் குறைத்து, பணத்தை வரவு வைத்து, ஜிஎஸ்டி கணக்கையும் எழுதியாக வேண்டும், பாதி நடந்து பாதி நிற்கக் கூடாது. இதற்கு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் தாங்குமா என்றால், நன்றாகவே தாங்கும். லைசென்ஸ் காசும் கிடையாது. செட்டிங்கைத் தொடுகிறவருக்குத்தான் பொறுமை வேண்டும்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது பிஜி_செட்டிங்ஸ் என்கிற வியூ, அதாவது சர்வரின் எல்லா செட்டிங்கையும் டேபிள் மாதிரி காட்டுகிற பட்டியல். ஒரு செட்டிங்கை மாற்றினால் உடனே அமலுக்கு வருமா, ரீலோட் (சர்வரை நிறுத்தாமல் கான்ஃபிக் ஃபைலை மறுபடி படிக்க வைப்பது) போதுமா, ரீஸ்டார்ட் செய்தே ஆக வேண்டுமா, இப்போது இருக்கிற மதிப்பு எந்த ஃபைலில் எத்தனையாவது வரியிலிருந்து வந்தது, எல்லாம் அதிலேயே இருக்கும். 'கான்டெக்ஸ்ட்' நெடுவரிசையில் 'போஸ்ட்மாஸ்டர்' என்று இருந்தால் ரீஸ்டார்ட் வேண்டும் என்று அர்த்தம், கடை மூடிய பிறகுதான் கை வைக்க வேண்டும். ஷேர்டு பஃபர்ஸ் (டேட்டாவை வைத்துக்கொள்ள எல்லா கனெக்‌ஷனுக்கும் பொதுவான மெமரி), மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் இரண்டும் அந்த ரகம்.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. கான்ஃபிக் ஃபைலில் மதிப்பைத் தப்பாக எழுதிவிட்டு ரீலோட் கொடுத்தால் சர்வர் தன் லாக் ஃபைலில் (நடந்ததைக் குறித்து வைக்கிற ஃபைல்) மட்டும் முனகிவிட்டு பழைய மதிப்பிலேயே ஓடிக்கொண்டிருக்கும், யாருக்கும் தெரியாது. அப்புறம் என்றைக்கோ கரன்ட் போய் வரும்போது சர்வர் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. அதனால் ரீலோடுக்கு முன்னால் பிஜி_ஃபைல்_செட்டிங்ஸ் வியூவைப் பாருங்கள், பிழை இருந்தால் 'எர்ரர்' நெடுவரிசையில் காட்டிவிடும்.

வொர்க் மெம், அதாவது குவரி (டேட்டாபேஸிடம் கேட்கிற கேள்வி) ஓடும்போது எடுத்துக்கொள்கிற மெமரியின் அளவு, பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். டீஃபால்ட் 4 எம்பி. ஒரு கடையில் எனக்கு முன்னால் பார்த்தவர், ரிப்போர்ட் மெதுவாக வருகிறது என்று சர்வர் முழுக்க அதை 64 எம்பி ஆக்கி வைத்திருந்தார். அது கனெக்‌ஷனுக்கு ஒரு தடவை எடுக்கிற மெமரி இல்லை, குவரிக்குள் வருகிற ஒவ்வொரு சார்ட்டுக்கும் (வரிசைப்படுத்துவது) ஹாஷுக்கும் (பொருத்திச் சேர்ப்பது) தனித்தனியாக எடுக்கும். 100 கனெக்‌ஷனும் ஆளுக்கு ஒன்று எடுத்தாலே 6,400 எம்பி, இருந்ததோ 8 ஜிபி ராம் மெஷின். கூட்ட நேரத்தில் ராம் போதாமல் டிஸ்கையே மெமரியாக்குகிற ஸ்வாப்புக்குப் போய், கவுன்ட்டரில் இருந்த பெண் "அண்ணா, பில்லு சுத்திக்கினே கீதுண்ணா" என்று கூப்பிட்டாள். பில் போடுகிற யூசருக்குப் பழைய 4 எம்பியையே விட்டுவிட்டு, ரிப்போர்ட் யூசருக்கு மட்டும் ஆல்டர் ரோல் கட்டளை கொடுத்து 64 ஆக்கினேன், அவ்வளவுதான், ரெண்டு பக்கப் பிரச்சினையும் நின்றுவிட்டது.

அதே மாதிரி ஐடில் இன் டிரான்ஸாக்‌ஷன் டைம்அவுட்டையும் போட்டு வையுங்கள், வேலையைப் பாதியில் திறந்து வைத்துவிட்டுச் சும்மா இருக்கிற கனெக்‌ஷனை நேரம் தாண்டினால் அது துண்டித்துவிடும், டீஃபால்ட்டில் அது அணைந்தே இருக்கும். பாதி பில்லைத் திறந்து வைத்துவிட்டு கட்டு எண்ணப் போகிறவர் பிடித்திருக்கிற பூட்டு விடுபடுவதற்காக அதே சேலையை விற்கிற அடுத்த கவுன்ட்டர் காத்துக்கிடக்கும். சின்க்ரனஸ் கமிட்டை (பில் டிஸ்கில் பதிந்த பிறகே 'முடிந்தது' என்று சொல்கிற செட்டிங்) அணைத்தால் வேகம் வரும் என்று சொல்வார்கள், வரும்தான், ஆனால் கரன்ட் போனால் கடைசி நொடியில் போட்ட பில்லும் சேர்ந்து போகும். காசு வாங்கிய பில்லுக்கு அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

குறை என்றால் ரெண்டு. கனெக்‌ஷனுக்கு ஒரு பிராசஸ் என்பதால் கவுன்ட்டர் கூடக் கூட கனெக்‌ஷன்களைப் பகிர்ந்து கொடுக்கிற பிஜிபவுன்சர் மாதிரி ஒன்று முன்னால் வேண்டியிருக்கும். இன்னொன்று, யார் எப்போது எந்த செட்டிங்கை எதிலிருந்து எதற்கு மாற்றினார் என்ற வரலாற்றை இது தானாக எடுத்து வைக்காது. செட்டிங்கை மாற்றுகிற ஆல்டர் சிஸ்டம் கட்டளை கொடுத்தால் அது எழுதுகிற ஆட்டோ கான்ஃப் ஃபைலில் புது மதிப்பு இருக்கும், பழையது போய்விடும். நான் கான்ஃபிக், ஆட்டோ கான்ஃப் ரெண்டு ஃபைலையும் மாற்ற வரலாற்றை வைத்துக்கொள்கிற கிட்டில் போட்டு, மாற்றத்துக்குக் காரணத்தையும் குவரிக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று காட்டுகிற பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸில் பார்த்த முன்-பின் நேரத்தையும் ஒரு வரி எழுதி வைக்கிறேன். ஒரு நேரத்தில் ஒரு செட்டிங் மட்டும்தான், அதுவும் பண்டிகைக்கு ரெண்டு வாரம் முன்னாலேயே முடித்துவிட வேண்டும்.